மஞ்சள் புள்ளி

பிப்ரவரி 6

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். மாரண்டஹள்ளி மருந்துக் கடையில் இன்று ஒரு பச்சைப் பாக்கெட் பார்த்தேன். ‘சந்தன இலைத் தேநீர். அரிய அமினோ அமிலங்கள், அமைன்கள் நிறைந்தது. சர்க்கரைக்கு இனி மாத்திரை எதற்கு?’ கீழே: கண்டறிந்தவர், முனைவர் பிரபாகர்.

கண்டறிந்தவரா? வத்தல்மலை அடிவாரத்தில் இலை பறித்து, அரைத்து, வடிகட்டி, சாற்றைத் தாளில் ஓடவிட்டுப் பிரித்தது நான். அமினோ அமிலங்களை நிறமாக்கிக் காட்டும் நின்ஹைட்ரின் தெளித்ததும் மற்ற புள்ளிகள் ஊதாவாயின. ஒன்று மட்டும் மஞ்சள்: வழக்கமில்லாத ஓர் அமினோ அமிலம். என் ஆய்வு வழிகாட்டியிடம் ஓடினேன். இதே பிரபாகர்தான். “அழுக்குப்பா அது. கையக் கழுவாம தொட்டிருப்ப.” விரல் அழுக்கு ஊதாவாகத்தான் விழும் என்று அவருக்குத் தெரியாதா? மறு ஆண்டு அந்தப் புள்ளியைப் பற்றி அவர் பெயரில் கட்டுரை வந்தது. கடைசியில் எனக்கு ஒரு வரி: இலை பறித்துத் தந்தமைக்கு நன்றி. அதோடு ஆய்வைப் பாதியில் விட்டு வந்துவிட்டேன்.

சந்தனமும் பக்கத்து மரத்தின் வேரில்தான் உறிஞ்சும். ஆனால் அது மணக்கிறது.

பிப்ரவரி 9

நல்லம்பள்ளியிலிருந்து தங்கை கலைமதி பேசினாள்.

“அண்ணா, உங்க சாரு டீ போட்டிருக்காராமே? ஒரு மாசமாக் குடிக்கறேன். சக்கர மாத்திரயக் கூட நிறுத்திட்டேன்.”

அந்த ஆள் யார் தெரியுமா என்று ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை.

“அவரு மேல இருக்கற காண்டுல பேசற. நீ சொன்னா நான் டீய வுட்ருவனா?”

போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 20

கலைமதி மயங்கி விழுந்துவிட்டாள். தர்மபுரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். சர்க்கரை நானூற்றுக்கு மேல். நான்தான் அன்னிக்கே சொன்னனே — எங்க சொன்னேன்? அந்தாளத் திட்டினேன். மாத்திரையப் போடுன்னு ஒரு வார்த்தை சொன்னனா?

பிப்ரவரி 23

தேறிவிட்டாள். உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதிய புகாரைக் காட்டினேன். நான்கு பக்கம். படுத்தபடியே புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

“மஞ்சப் புள்ளி வருது, இலை பறிச்சது வருது. டீ எங்கண்ணா?”

பக்கத்துக் கட்டில்காரி கூடச் சிரித்தாள். எனக்கு எரிந்தது. வெளியே போய் நின்றேன். திரும்பி வந்து தேடினேன். நான்காம் பக்கத்தின் அடியில் இருந்தது டீ.

பிப்ரவரி 25

புகாரை வெட்டியதில் அரைப் பக்கம்தான் மிஞ்சியது. இலையில் அந்தப் பொருள்கள் இருப்பது உண்மை. அதைக் குடித்தால் சர்க்கரை குறையும் என்று எந்தச் சோதனையும் காட்டவில்லை. பாக்கெட்டை நம்பி மாத்திரையை நிறுத்திய ஒரு பெண் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

மஞ்சள் புள்ளி வந்த வரிகளைக் கடைசியாகத்தான் அடித்தேன்.

என் பெயரைப் போட்டால், ‘என்கிட்ட ஆராய்ச்சி பண்ணி ஓடிப்போனவன், பழைய கோபம்’ என்பார் பிரபாகர். பொய்யும் இல்லையே. மொட்டைக் கடுதாசியைப் படிப்பார்களா? தெரியவில்லை. கலைமதி குடித்து முடித்த காலிப் பாக்கெட்டையும் உள்ளே வைத்து ஒட்டிவிட்டேன். கண்டறிந்தவர் பெயர் அதில் இருக்கிறது. இந்தத் தடவை அவருடையது மட்டும் இருக்கட்டும்.

காலையில் தபால் பெட்டியில் போடுகிறேன், கையெழுத்தில்லாமல்.