வயிற்றில் ஓர் அம்புக்குறி

டாக்டர்,

இன்று காலை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் செருப்பு அலமாரியைத் துடைத்தபோது, கீழ்த்தட்டு மூலையில் உங்கள் பச்சை ரப்பர் செருப்பு கிடைத்தது. இந்த ஆஸ்பத்திரியில் வேறு யாருக்கும் அவ்வளவு பெரிய பாதம் கிடையாது. இடது செருப்பின் வார் பிய்ந்திருந்த இடத்தைக் காட்டிக்கொண்டு ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருக்கிறது. எந்தப் பிள்ளையின் வேலையோ தெரியவில்லை, ஆனால் சரியான செக்கிங். குப்பையில் போடச் சொன்னார்கள். நான் கழுவி என் பையில் வைத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால், இங்கே பிள்ளைகள் வார்டில் ஆயாவாகச் சேர்ந்த புதிதில் உங்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நீங்கள் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். ஆறடி உயரம், முகத்தை மூடிய மாஸ்க், தலையில் நீலத் தொப்பி. தியேட்டர் வாசலில் நின்று, "வாங்க சாமி, உள்ள போலாமுங்களா?" என்று நாலு வயதுப் பிள்ளையிடம் கல்யாணத்துக்கு அழைப்பது போல மரியாதையாகக் கேட்பீர்கள். பிள்ளை அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறும். அப்புறம் இரண்டு பேர் பிய்த்தெடுத்துத் தூக்கிப் போவார்கள். வாரத்துக்கு நாலு நாள் இதே கூத்து.

நான் பதினோரு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் நின்றவள். சட்டையை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை எங்கே, கறை எங்கே, தையல் விட்டது எங்கே என்று தேடி, அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டுவதுதான் வேலை. வேலையை விட்டாலும் அந்தக் கண் என்னை விடவில்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"டாக்டர், பிள்ளைக்கு உங்க கால்முட்டுதான் தெரியும். முட்டுகிட்ட எந்தப் பிள்ளை பேசும்? கீழ உக்காருங்க."

ஆயா டாக்டரிடம் பேசுகிற பேச்சா இது என்று நர்ஸ் என்னை முறைத்தார். நீங்கள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "செரிங்க அம்மிணி, எங்கீங்க உக்கார்றது?" என்றீர்கள். ஸ்டூல் எதுவும் இல்லை. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அப்படியே தரையில் சம்மணமிட்டீர்கள். உட்கார்ந்தது என்னவோ அழகுதான். எழுப்புவதற்குத்தான் நானும் வாட்ச்மேனும் சேர்ந்து கைகொடுக்க வேண்டியிருந்தது.

ஸ்டிக்கர் விளையாட்டு என் யோசனை. அதற்கும் நீங்கள்தான் இடம் கொடுத்தீர்கள். அழுத ஒரு பையனிடம் என் பையில் கிடந்த ஸ்டிக்கர் அட்டையைக் கொடுத்து, "இந்த ரூம்ல எங்கெங்க குத்தம் இருக்கோ ஒட்டுல" என்றேன். இந்த ஊர்ப் பிள்ளைக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உடைந்த ஓடு, எரியாத விளக்கு, நர்ஸின் அழுக்குப் பட்ட ஷூ என்று வரிசையாக ஒட்டியவன், கடைசியில் உங்கள் தொப்பியைக் கழற்றி வழுக்கையில் ஒன்று வைத்தான். நீங்கள் தொப்பியைக் கையில் பிடித்தபடி அதோடு தியேட்டருக்குப் போக, சர்ஜன் என்னவென்று கேட்டிருக்கிறார். "நம்ம மேல கம்ப்ளெய்ண்ட் வந்துருக்குதுங்க" என்றீர்களாம். அன்று அந்தப் பையன் அழாமல் உள்ளே போனான். அடுத்த வாரம் நீங்கள் உங்கள் மூலனூர்த் தோட்டத்திலிருந்து ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவந்து என் கையில் கொடுத்தீர்கள். அதுதான் உங்கள் பாராட்டுப் பத்திரம். அப்புறம் திங்கட்கிழமை தோறும் நீங்கள் கொண்டுவர, நான் முருங்கைக்காய்ச் சாம்பாராக வைக்க, என் வீட்டுக்காரர் உங்கள் பெயரைக் கேட்டாலே எழுந்து போய்விடுவார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தர்ஷினி வருகிற வரைக்கும்.

ஆறு வயது. தொப்புளில் குடல் இறக்கம். அம்மா முதலிபாளையத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். மகளிடம், "சும்மா ஒரு ஊசிதான், அப்புறம் ஐஸ்கிரீம்" என்று சொல்லிக் கூட்டி வந்திருந்தாள். பிள்ளை வந்த அரை மணி நேரத்தில் அறை முழுக்க அம்பு ஒட்டிவிட்டது. பிறகு சர்ஜன் வந்தார். வழக்கம் போல அவள் வயிற்றில், அறுக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் பேனாவால் ஓர் அம்பு வரைந்துவிட்டுப் போனார்.

தர்ஷினி குனிந்து பார்த்தாள். மிச்ச ஸ்டிக்கரை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள். அழவில்லை. எவ்வளவு சமத்து என்று நான் பெருமைப்பட்டேன், டாக்டர். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் வந்தீர்கள், தரையில் உட்கார்ந்தீர்கள். அவள் இரண்டு கையாலும் கவுனை வயிற்றோடு அழுத்திப் பிடித்திருந்ததை நீங்கள்தான் பார்த்தீர்கள். செக்கிங்காரி என் கண்ணுக்கு அது படவில்லை.

"என்னுங்க கண்ணு, கையெடுக்க மாட்டீங்களா?"

அவள் கையை எடுக்காமலே கேட்டாள். "நா டேமேஜ் பீஸா? என்னைய வெட்டி வேஸ்ட்ல போட்டுருவீங்களா?"

என் விளையாட்டுதானே பிள்ளையை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது? "ஏட்டி, அதெல்லாம் ஒண்ணும் கெடையாது, யாரும் வெட்ட மாட்டாங்க" என்று அவசரமாக ஆரம்பித்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

"வேண்டாமுங்க அம்மிணி. பொய் சொல்லிப் போட்டா, முழிச்சப்புறம் நம்ம மூஞ்சியப் பாக்காதுங்க. எனக்குக் கம்பெனி வெவரம் தெரியாது. அம்பு போட்ட பீஸ என்ன பண்ணுவாங்கன்னு நெசத்தைச் சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. "தேறாத பீஸுக்கு யாரும் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டாங்கட்டி. அதை அப்படியே தூக்கிப் போட்டுருவாங்க. சரி பண்ண முடியும்னு தெரிஞ்சாத்தான் அம்பு. எங்க தைக்கணும்னு டெய்லருக்குத் தெரியணும்லா? அதுக்குத்தான். தைச்சு முடிச்சா அதுவும் பாஸ் பீஸ்தான்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். பிறகு உங்களைப் பார்த்தாள்.

"வெட்டுவீங்களா?"

"ஆமாங்க கண்ணு. ஒரு சின்ன வெட்டு, அப்பறம் தையல். அப்ப நீங்க தூங்கிட்டிருப்பீங்க, ஒண்ணுந் தெரியாது. முழிச்சப்புறம் கொஞ்சம் வலிக்குமுங்க. மருந்து தருவோம்."

"நா தூங்கறப்ப நீங்க போயிருவீங்களா?"

"நீங்க முழிக்கிற வரைக்கும் நா எங்கியும் போக மாட்டேனுங்க."

அவள் கட்டிலிலிருந்து இறங்கி, உங்களை எழுப்பக் கைகொடுத்தாள். உங்களை எழுப்புவது அவளால் ஆகிற காரியமா? நானும் ஒரு கை கொடுத்தேன். பிறகு உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனாள். அவள் கண் விழித்தபோது நீங்கள் பக்கத்து நாற்காலியில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தீர்கள். போகவில்லைதான், ஆனால் குறட்டை வார்டு வரைக்கும் கேட்டது.

எட்டு மாதம் கழித்து மூலனூர்த் தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். எழவில்லை. ஆஸ்பத்திரி வேனில் நாங்கள் கிளம்பியபோது, செய்தி கேட்டு வந்திருந்த தர்ஷினியும் அவள் அம்மாவும் ஏறிக்கொண்டார்கள். உங்கள் வீட்டு வாசலில் அவள் என் சேலையை இழுத்து, காதோரம் கேட்டாள்.

"டாக்டர் முழிக்கற வரைக்கும் பக்கத்துல யாரு இருப்பாங்க?"

சாமிகிட்ட போயிருக்கார், தூங்குகிறார் என்றெல்லாம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"முழிக்க மாட்டாருட்டி. செத்துப் போயிட்டாரு."

நன்றாக அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எடுத்துட்டுப் போற வரைக்கும் நா இருக்கேன்" என்றாள். உங்கள் கால்மாட்டில் போய் உட்கார்ந்தவளை உங்கள் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் நகரச் சொல்லியும் நகரவில்லை. அதுவரைக்கும் அடக்கிவைத்திருந்த நான் அங்கேதான் உடைந்தேன்.

உங்களுக்குப் பிறகு வந்திருப்பவர் சின்ன டாக்டர். நல்ல பிள்ளைதான், சொன்னால் தரையில் உட்காருகிறார், தானாகவே எழுந்தும் கொள்கிறார். பிள்ளைகள் கேட்பதற்குப் பதில் சொல்வது மட்டும் இப்போது என் வேலையாகிவிட்டது. இன்று அவிநாசிபாளையத்திலிருந்து ஒருவன் வந்திருந்தான், ஏழு வயது, டான்சில். வலிக்குமா என்று கேட்டான். அவன் அம்மா கண்ணாலேயே ஜாடை காட்டி என்னைத் தடுக்கப் பார்த்தாள். நான் சொல்லிவிட்டேன்.

"ஆமால, வலிக்கும். முழுங்கும்போது நல்லாவே வலிக்கும்."

"எத்தன நாளைக்கு?"

"ஒரு வாரம், பத்து நாளு."

"அது வரைக்கும் ஸ்கூலு?"

"கெடையாது."

அவன் ஸ்டிக்கர் அட்டையை என் மடியில் போட்டுவிட்டு எனக்கு முன்னால் தியேட்டரை நோக்கி நடந்தான்.