இடது முன் சக்கரம்

மார்ச் 3, செவ்வாய்

சலவைப் பிரிவில் பெரிய மிஷின் காலையிலேயே மக்கர் பண்ணிவிட்டது. அறுவை அரங்கின் பச்சைத் துணிகள் மலையாகக் குவிந்து கிடக்க, மெக்கானிக் பதினொரு மணிக்கு ஆடி அசைந்து வருகிறான். எங்கள் மருத்துவமனையில் நோயாளி காத்திருந்தால் பரவாயில்லை. துணி காத்திருந்தால் மட்டும் எல்லோரும் என் மேல் பாய்வார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன். தம்பி மனைவி.

"அண்ணி, காரை வித்துடலாம்னு இருக்காரு. இனிமே ஓட்டவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அவனுக்கு இருந்த ஒரு கண்ணிலும் அழுத்தம் ஏறிவிட்டதாம். நேரே இருப்பது தெரிகிறது, ஓரத்தில் இருப்பது தெரிவதில்லை. ஒரு வருஷமாகவே அப்படித்தானாம். பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வண்டி பார்க்க வருகிறார். அதற்குள் கழுவ வேண்டும். சக்கரங்கள் பார்க்கவே சகிக்கவில்லையாம்.

"கடையில விட வேணாம், அக்காகிட்ட விடுன்னு சொல்றாரு."

"அவனா சொன்னான்?"

"அவரேதான் அண்ணி."

பத்தொன்பது வருஷத்தில் சின்னவன் என்னிடம் கேட்ட முதல் காரியம். சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் செருப்பைக் கழற்றினேன்.

மார்ச் 4, புதன்

நாள் முழுக்க, நானும் தம்பியும் வண்டி கழுவிப் பிழைத்த ஷெட் நினைவாகவே இருந்தது.

பெட்ரோல் பங்குக்குப் பின்னால் தகரக் கூரை. ஒரே நேரத்தில் இரண்டு வண்டி நிறுத்தலாம். எனக்கு இருபத்தேழு, அவனுக்கு இருபது வயதில் தொடங்கினோம். மேல்பாகம் என்னுடையது, சக்கரங்கள் அவனுடையவை. ஆறு வருஷம். கையெல்லாம் ஊறி வெளுத்து, இடுப்பு விட்டுப்போய், மாலையில் டீ குடிக்க உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. ஆனாலும் அப்படிச் சிரித்த காலம் பிறகு வரவே இல்லை.

ஒரு நாள் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். நான் அவரிடம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் இவன் நாலு சக்கரத்தையும் கழுவி முடித்துவிட்டான். அவர் வழி கேட்க வந்தவர்! "வழியும் சொல்லி வண்டியும் கழுவி விடுற ஊரை இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

சக்கரத்தைப் பார்த்தே ஓட்டுகிறவரின் குணம் சொல்வான். "இவரு பொறுமைசாலி. இவரு பொண்டாட்டிகூடச் சண்டை போட்டுக்கிட்டே ஓட்டறவரு." பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதியை அவனே சரியென்று சாதிப்பான்.

இப்போது பார்த்துக்கொண்டால் எங்கள் பேச்சு இவ்வளவுதான்: "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." "வேலை?" "போகுது."

மார்ச் 7, சனி

வண்டி வந்துவிட்டது. அவன் தெருவிலிருக்கும் மெக்கானிக் ஓட்டிவந்து, வீட்டுப் பக்கவாட்டு நிழலில் விட்டுப் போனார்.

குத்துக்காலிட்டுப் பார்த்தேன். வெள்ளி நிறச் சக்கரங்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அடுப்புக்கரி மாதிரி இருக்கின்றன. பிரேக் தேய்ந்து உதிரும் தூள்தான் அது. சூட்டில் வெந்து, மழையில் ஊறி, மறுபடி வெந்து அப்பிப் போயிருக்கிறது. முன்சக்கரங்களில் எப்போதும் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இது கொஞ்சமில்லை. இடது பக்கச் சக்கரங்கள் இரண்டின் விளிம்பிலும் நடைபாதைக் கல்லில் உரசிய காயங்கள். அவனுக்குப் பார்வை போனது இடது கண்ணில்.

இந்தச் சக்கரத்தைப் பார்த்து நான் குணம் சொல்ல வேண்டுமானால் ஒன்றுதான் சொல்வேன். இதை ஓட்டியவன் அடிக்கு ஒரு தரம் பிரேக்கை மிதித்திருக்கிறான். முன்னால் என்ன வருகிறது என்று தெரியாமல், ஒரு வருஷமாக, தனியாகப் பயந்துகொண்டே ஓட்டியிருக்கிறான்.

மார்ச் 8, ஞாயிறு

வண்டியைத் தொடவில்லை. எழுதிவிட்டால் தொட முடியுமோ என்னவோ.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், அன்றைக்கு ஷெட்டில் ஸ்ப்ரே பாட்டிலின் மூக்கு உடைந்துவிட்டது. சக்கரத்துக்கு அடிக்கும் ஆசிட் மருந்தைக் கேனிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலில் நான்தான் ஊற்றி வைத்தேன். சீட்டு ஒட்டவில்லை. அவனிடம் சொல்லவும் இல்லை. இதோ அஞ்சு நிமிஷத்தில் வேறு ஸ்ப்ரே கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அதற்குள் தூரப் பயணம் முடித்து ஒரு வண்டி வந்தது. சக்கரம் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் தண்ணீர் என்று நினைத்து அந்தப் பாட்டிலைச் சாய்த்திருக்கிறான். சூட்டில் பட்டுச் சீறித் தெறித்தது. குனிந்திருந்தவன் முகத்தில்... அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன்.

ஹோஸைப் பிடித்துக் கண்ணைக் கழுவினேன். எவ்வளவு நேரம்? இரண்டு நிமிஷம்கூட இருக்காது. பதறிப்போய், வந்த வண்டியிலேயே அவனை ஏற்றிக்கொண்டு ஓடினேன். "இருபது நிமிஷம் விடாம கழுவிட்டு வந்திருக்கணும்மா" என்றார் டாக்டர். தண்ணீரிலேயே பிழைப்பு நடத்தினவள் நான். ஷெட் முழுக்கத் தண்ணீர். அதை விட்டுவிட்டு ஓடினேனே!

என்னால்தான். பாட்டிலும் என் கை. ஓட்டமும் என் கால்.

மார்ச் 10, செவ்வாய்

பெயிண்ட் கடைக்குப் போனேன்.

"வீலா? இந்தாங்க, இந்த ஆசிட் மருந்தைக் கொண்டு போங்கம்மா. ஒரே அடி, பளபளன்னு ஆயிடும்."

"கல்லுல உரசி மேல்பூச்சு போயிருக்கு. அங்க ஆசிட் பட்டா அலுமினியம் வெளுத்துத் திட்டுத்திட்டா ஆயிடும். ஆசிட் இல்லாதது, இரும்புத்தூளை மட்டும் கரைக்கறது இருக்கா?"

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மேல் தட்டிலிருந்து எடுத்துத் தந்தார். நின்ற இடத்திலேயே பாட்டிலின் பின்பக்கத்தை முழுக்கப் படித்தேன். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. நிற்கட்டும்.

மார்ச் 14, சனி

வலது பின்சக்கரம். இருப்பதில் லேசான அழுக்கு. முழங்கை வரை ரப்பர் கையுறை, கண்ணைச் சுற்றி மூடுகிற கண்ணாடி, முழுக்கைச் சட்டை. கையுறை போடும் முன் புறங்கையை வைத்துப் பார்த்தேன், சக்கரம் குளிர்ந்திருந்தது. முதலில் வெறும் தண்ணீர், நிறைய. உள்பக்கம் கண்ணில் படாத ஓர் இடத்தில் துளி அடித்துப் பார்த்து, பூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு முழுக்க அடித்தேன். ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் மட்டும். காய விடக் கூடாது.

ஒரு நிமிஷத்தில் நிறம் மாறியது. கரி நிறத்தின் மேல் ஊதா கசிந்து, கோடு கோடாக வழிந்தது. கூடவே அழுகிய முட்டை நாற்றம். வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, "சமையல் முடிஞ்சதா?" என்றார். முறைத்தேன். மூடிக்கொண்டார்.

இவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டிலுள்ள எல்லாப் புட்டிகளிலும் நான் சீட்டு ஒட்டி வைத்திருப்பேன், உப்பு உட்பட. "எனக்கும் ஒண்ணு ஒட்டிடு, மாத்திக் குடிச்சிடப் போற" என்பார். ஏன் ஒட்டுகிறேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தெரியும் அவருக்கு.

தேய்த்து, அலசி, துடைத்தேன். உள்ளே வெள்ளி இருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

இடது பின், வலது முன் முடிந்தன. வலது முன்னுக்கு மூன்று தடவை அடிக்க வேண்டியிருந்தது. இடது முன் மசியவில்லை. நாலு தடவை அடித்தும் மேல்தோல் மட்டும்தான் போனது. அடியில் கறுப்பு கல்லாக இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

இன்று ஒரு காரியம் செய்யப் பார்த்தேன்.

சலவைப் பிரிவில் துருக்கறை எடுக்கும் மருந்து இருக்கிறது. கடுமையான ஆசிட். அலமாரிச் சாவி என் இடுப்பில். ஒரு கால் லிட்டர் இருந்தால் அந்தக் கறுப்பு ஓடிவிடும் என்று தோன்றியது. கதவைத் திறந்தேன். கேனை இறக்கினேன். ஊற்றிக்கொண்டு போக என்ன இருக்கிறது என்று மேசையைத் துழாவினேன்.

கையில் வந்தது நான் மதியம் குடித்து முடித்த தண்ணீர் பாட்டில்.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ. துணி மடிக்கிறவள் வந்து, "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றாள். கேனை ஏற்றிவைத்துப் பூட்டினேன். பாட்டிலை நசுக்கிக் குப்பையில் போட்டேன்.

பத்தொன்பது வருஷம் கழித்தும் கை அதே மாதிரிதான் போகிறது. அவசரம் என்றால் எதையும் எதிலும் ஊற்றுகிற கை.

மார்ச் 21, சனி

அவன் வந்தான். சொல்லாமல் கொள்ளாமல், பஸ் ஏறி.

இடது முன்சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் சின்னவன். மெலிந்திருக்கிறான். தலையைப் பறவை மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பித்தான் பார்க்கிறான்.

"என்ன மருந்து?"

சொன்னேன்.

"நாறுதே."

"அதான் நல்ல மருந்து. கிட்ட வராதே, கண்ணாடி போடு." என்னுடையதைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டு, உதிரியாக இருந்ததை நான் போட்டுக்கொண்டேன். கையுறையும் கொடுத்தேன். காலி வாளி ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்தான்.

நான் அடித்து, தேய்த்து, தண்ணீர் விட்டு அலசினேன். அவன் விரலால் தடவிப் பார்த்தான். "இங்க இருக்கு. இந்த நட்டுக்குக் கீழ. இங்கயும்." எனக்குத் தெரியாத திட்டெல்லாம் அவன் விரலுக்குத் தெரிந்தது. பிளாஸ்டிக் கரண்டியால் மெல்லச் சுரண்டினான். ஒரு மணி நேரம் இப்படியே வேலை ஓடியது. எனக்கு அந்த நிமிஷத்தில் இருபத்தேழு வயது.

அப்புறம்தான் சொன்னான், சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே.

"அக்கா, அன்னைக்கு அந்தப் பாட்டில்ல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

"என்ன?"

"மூடியைத் திறந்ததும் மூக்குல ஏறுச்சே. தெரியாம இருக்குமா? வீல் சூடா இருக்குன்னும் தெரியும். அந்த ஆளு நேரமாச்சு நேரமாச்சுன்னு நின்னாரு. கண்ணாடி நெத்தி மேலதான் இருந்துச்சு, இறக்கிக்கல. ஒரு தடவைதானேன்னு ஊத்திட்டேன்."

"தண்ணின்னு நெனச்சு ஊத்தினேன்னு சொன்னியேடா."

"ஆமா, சொன்னேன்."

"ஏன்?"

கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நீ தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னே. எனக்கு அது வசதியா இருந்துச்சு. அப்புறம் வருஷம் ஆக ஆக எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அந்த வெட்கத்துலதான் உங்கிட்ட சரியாப் பேசினதே இல்ல" என்றான்.

நான் தேய்க்கும் பஞ்சைத் தண்ணீர் வாளிக்குள் வீசினேன். தண்ணீர் தெறித்தது. "எழுந்து போடா" என்றேன். போய்விட்டான். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல்.

மார்ச் 22, ஞாயிறு

கோபம். வேறெதுவும் இல்லை எழுத.

மார்ச் 25, புதன்

நாலு நாளாக அவனோடு மனசுக்குள் சண்டை. பத்தொன்பது வருஷம்! ஒரு கல்யாண வீட்டில்கூட அவன் இடது பக்கம் நான் உட்கார்ந்ததில்லை. என்னைப் பார்க்க முடியாத பக்கத்தில் நான் இருக்கக் கூடாது என்று.

இன்னொன்றும் தோன்றுகிறது. அவன் எனக்காக இப்போது பொய் சொல்கிறானோ? என் பாரத்தை இறக்கிவைக்க? கேட்டால் சொல்ல மாட்டான்.

சரி, அவன் சொன்னது உண்மையே ஆனாலும், பாட்டிலில் ஊற்றியது நான்தானே. அது போய்விடாது. ஆனால் இனி அது முழுசாக என்னுடையது இல்லை. பாதியை அவன் வந்து தூக்கிக்கொண்டான். பஸ் ஏறி, ஓரம் தெரியாத கண்ணோடு, தனியாக வந்து.

இதை எழுதும்போது அழுகிறேன். கோபத்தில் இல்லை.

மார்ச் 28, சனி

இடது முன்சக்கரம் முடிந்தது. இன்னும் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நன்றாக அலசி. கறுப்பு முழுக்கப் போய்விட்டது. ஆனால் அடியில் அம்மைத் தழும்பு மாதிரிப் பொட்டுப் பொட்டாகப் பூச்சு அரித்திருக்கிறது. அது எந்த மருந்துக்கும் போகாது. இருக்கட்டும்.

போன் போட்டேன். அவனே எடுத்தான்.

"வண்டியை விக்காதே."

"வெச்சுக்கிட்டு? அழகு பாக்கவா?"

"நான் ஓட்டறேன். உன்னை ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

"நீயா? ஷெட்டுக்குள்ள இருபதடி முன்னால, இருபதடி பின்னால ஓட்டினவ."

"எம்மகளைப் பத்து வருஷம் கார்ல பள்ளிக்கூடம் கொண்டு விட்டது உங்க மாமாவா? நான்டா."

அந்தப் பக்கம் மூச்சுத் திணறுகிற மாதிரி ஒரு சத்தம். அழுகிறானோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தான், பெண்டாட்டியைக் கூப்பிட்டு, "அக்கா டிரைவர் வேலைக்கு வருதாம்" என்று சொல்லி.

நாளைக்கு வருவதாக இருந்தவரிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம்.

ஏப்ரல் 22, புதன்

சலவைப் பிரிவில் அரை நாள் விடுப்பு எடுத்தேன். எட்டு மணிக்கு அவன் வாசலில் ஹாரன் அடித்தேன். தயாராக நின்றுகொண்டிருந்தான். கண் மருத்துவமனைக்கு நாங்கள் போவது இது நாலாவது புதன்கிழமை.

அழுத்தம் போன வாரத்தை விடக் குறைந்திருக்கிறது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்கிறார் டாக்டர்.

திரும்பி வந்து அவன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது பத்தேமுக்கால். அவன் மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள், ஏதோ சொல்ல வந்தாள், சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாங்கள் இறங்கியபோது பதினொன்றரை. அப்போதும் பேச்சு முடியவில்லை.