நெஞ்சில் செருகிய தப்பான பூ

ஹோபார்ட்,

பீன்ஸ் அடுப்பில் இருக்கிறது, சோள ரொட்டி துணிக்கடியில். நான் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன். ஆமாம், கோபம்தான்.

நேற்று சர்ச்சுக்குக் கிளம்பும் அவசரத்தில், நெஞ்சில் செருகிக்கொள்ளச் சொல்லித் தந்தீர்களே, அது இனிப்புப் புதரின் பூ இல்லை, பாவ்பா மரத்துப் பூ! இரண்டும் கருஞ்சிவப்புதான். ஆனால் நம் புதர்ப் பூவுக்கு நாடா நாடாவாக நிறைய இதழ். உடம்புச் சூடு பட்டால் ஸ்ட்ராபெர்ரி வாசனை. பாவ்பாவுக்கு ஆறே இதழ், தலைகீழாகத் தொங்கும். சூடு பட்டால் செத்த எலி! முதல் பாட்டு முடிவதற்குள் பெஞ்சில் நான் மட்டும்தான். பாஸ்டர் வேறு, "ஏம்மா டெல்ஃபா, வயிறு சரியில்லையா?" என்கிறார்.

வேலியோரம் மொட்டையாய் நின்ற நம் இனிப்புப் புதர் துளிர்த்துப் பூவும் விட்டிருக்கிறது. இலையைக் கசக்கிப் பாருங்கள், கற்பூரம் மாதிரி மணந்தால் அதுதான். பூவோடு வந்து கூப்பிடுங்கள்.

பி.கு.: "மோந்து பாத்துட்டுத்தான் குடுத்தேன், நல்லாத்தானே இருந்துச்சு" என்றீர்கள். இந்த மூக்கு சொன்னதைக் கேட்டா இத்தனை வருஷமாக என் சமையலை நினைத்து நான் பூரித்துப்போனேன்?