“தெரிஞ்சவங்க” என்று சொன்னேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முட்டிவலி குறைந்ததா? எனக்குப் போன வாரம் லேசான காய்ச்சல். இப்போது சரியாகிவிட்டது, பயப்பட வேண்டாம்.

எப்படியோ கேள்விப்பட்டு அக்கா விடுதிக்கு வந்துவிட்டாள். வேறு மதத்தில் கல்யாணம் செய்துகொண்டவள் நமக்கு யாருமில்லை என்று நீங்கள் சொல்லியிருந்ததால், வார்டன் இது யாரென்று கேட்டபோது, “தெரிஞ்சவங்க மேடம்” என்றேன். அது அக்கா காதில் விழுந்தது. ஆனாலும் சாயங்காலம் வரை என் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே இருந்தாள். கிளம்பும்போது அழுது மன்னிப்புக் கேட்டேன்.

“அப்பவே மன்னிச்சாச்சுடி. நீ அப்பா பொண்ணாச்சே!” என்று சிரித்தாள்.

வழி தவறியவர்களைக் கடவுள் ஒதுக்கிவிடுவார் என்பீர்களே, அவர் அக்காவைப்போல இருந்தால் என்ன செய்வது அப்பா? பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால், ஒதுக்கிவிடும் கடவுளைக் கூப்பிட வாய் வரமாட்டேன் என்கிறது.

இன்னொரு போர்வை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீங்களே கொண்டுவாருங்கள். அக்காவையும் வரச் சொல்லியிருக்கிறேன். அதற்காக வராமல் இருந்துவிடாதீர்கள்.

மணி அடித்துவிட்டது.

உங்கள் சின்ன மகள்