வேலியோரம் நட்ட ஆப்பிள்

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஓடர் செய்த ஆப்பிள் குச்சிகளை இன்று அப்பாவும் நானும் வேர்க்கன்றுகளில் ஒட்டுக் கட்டினோம். அவர் சரிவாகச் சீவினார், நான் பொருத்தி நாடா சுற்றினேன். ஒரு குச்சியை மொட்டுகள் கீழே பார்க்கப் பிடித்துவிட்டேன்.

"டொக்டர் அம்மா, பிள்ளை தலைகீழ்!" என்று அப்பா சிரித்தார்.

பிறகு குழி தோண்ட மண்வெட்டியை எடுத்தேன்.

"வேண்டாம் பிள்ளை, எல்லாத்தையும் பூச்சாடியில வை. வீட்டுக்காரர் வீட்டை விக்கப் போறாராம்."

"காய்க்க மூண்டு வருஷம் ஆகும், அப்பா."

"ஓம், அதுதான் சொல்லுறன். போற இடத்துக்குக் கொண்டு போவம்."

நோபல் பார்க்கில் இது எங்கள் நான்காவது வாடகை வீடு. எங்கும் நாங்கள் மண்ணில் எதுவும் நட்டதில்லை.

அப்பா கை கழுவப் போனதும் ஒன்றை வேலியோரம் நட்டுவிட்டேன். புதன்கிழமை வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கு இந்த வீடு பிடிக்கக்கூடாது.