இரண்டு காபி கிரைண்டரையும் வைத்துவிட்டுப் போனாயே

என் பிரியத்துக்குரிய சேகர்,

கோபமாகத்தான் எழுதுகிறேன். செத்துப்போனவனிடம் கோபப்படலாமா என்று கேட்பவர்களைச் செங்கல்பட்டில் உன் சமையலறைக்கு வந்து பார்க்கச் சொல்வேன். மேடையில் பாதியை இரண்டு காபி கிரைண்டர்கள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. உன்னைக் கட்டிக்கொண்ட என் தங்கை கலா தோசைக்கல்லை எங்கே வைப்பாள்?

ஒன்று நீ வாங்கியது. மற்றது மாமல்லபுரத்தில் காபிக் கடை வைத்திருக்கும் நம் மூர்த்தியுடையது. "ரெண்டுலயும் அரைச்சுப் பாரு. எது புடிக்குதோ வெச்சிக்கோ, இன்னொன்ன கடைக்குக் குடு" என்றான். ஒரு வாரம் என்று வாங்கி வந்தாய். மூன்று மாதம் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தாய். பிறகு ஒருநாள் நெஞ்சுவலி என்றாய், போய்விட்டாய். முடிவைச் சொல்லாமலே போக உனக்கு எப்படி மனசு வந்தது?

அதற்கப்புறம் நான்கு மாதம் மூர்த்தி தன் மிஷினைத் திருப்பிக் கேட்கவில்லை. போன வாரம் அவன் கடைக்குப் போனேன். கையால் சுற்றுகிற சின்ன மிஷினில் ஒவ்வொரு கப்புக்கும் அரைத்துக்கொண்டிருந்தான். தோளில் வலிக்கு பிளாஸ்திரி.

"உன் மிஷினக் கேக்கக் கூடாதா?" என்றேன்.

"இன்னான்னு கேக்கச் சொல்ற? தங்கச்சி மூஞ்சியப் பாத்தா வாயே வரல."

சரி, நாமே முடிவு செய்வோம் என்று ஞாயிற்றுக்கிழமை உன் சமையலறையில் உட்கார்ந்தேன். எனக்கு ஃபில்டர் காபியைத் தவிர என்ன தெரியும்? அழுத்தத்தில் காபி இறக்கும் உன் எஸ்பிரஸோ மிஷினோ, தூள் கொஞ்சம் கொரகொரப்பானால் தண்ணீராய்க் கொட்டுகிறது. கொஞ்சம் நைசானால் சொட்டவே மாட்டேன் என்கிறது. மூர்த்தியுடையது ஒரே சீராக அரைக்கிறது, ஆனால் தெரு நாய் குரைக்கிற அளவுக்குச் சத்தம். நேற்றைய தூளை வேறு உள்ளே பிடித்து வைத்துக்கொள்கிறது. உன்னுடையதில் சத்தமில்லை. ஆனால் நைசு, கொரகொரப்பை மாற்றும் திருகை ஒரு கோடு நகர்த்தினால் ருசியே மாறிவிடுகிறது. ஏழு கப் குடித்ததுதான் மிச்சம்.

"எதுதான் நல்லாகீது? நீயாவது சொல்லேன் கலா!" என்று கத்திவிட்டேன்.

அவள் உடனே மூர்த்தியுடையதைக் காட்டினாள். "மொத நாளே தெரியும்ணா. அதுலதான் கசப்பு கம்மி."

"அப்புறம் ஏன் சேகர்கிட்ட சொல்லல?"

"சொல்லிட்டா திரும்பவும் எழுந்த உடனே செல்போன எடுத்துகினு ஒக்காந்துடுவாரு. தெனமும் ரெண்டு கப் போட்டு முன்னாடி வெச்சி, எதுன்னு கேட்டுகினு இருந்தாரு. பன்னெண்டு வருஷத்துல எங்கிட்ட அவ்ளோ நேரம் பேசினதே இல்ல. அதான் தெரியலன்னு சொல்லிகினே இருந்தேன்."

அத்தனை ருசி தெரிந்த நாக்கு உள்ளவன் நீ. உனக்கு மட்டும் மூன்று மாதமா பிடித்தது? உனக்கும் தெரிந்துதான் இருந்ததா, மச்சான்?

அப்படியானால் அதையே வைத்துக்கொள் என்று கலாவிடம் சொன்னேன். "வாணாம். அந்தச் சத்தத்தத் தனியா கேக்க முடியாது. கடைக்கே போட்டும். நான் அங்க போயி குடிச்சிக்கிறேன்" என்றாள்.

கிரைண்டரைத் துடைத்துச் சுத்தம் செய்து, மடியில் வைத்துக்கொண்டு அவளும் என்னோடு மூர்த்தி கடைக்குக் காரில் வந்தாள். வேலைக்குத் தவிர வேறெங்காவது அவள் கிளம்பியது, நீ போன பிறகு அன்றுதான். மூர்த்தி அரைத்துக் காபி கொடுத்தான். ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் நைசா வைங்கண்ணா" என்றாள். மூர்த்தி உடனே திருகைத் திருப்பினான். இரண்டாவது கப்பை முழுசாகக் குடித்தாள்.

இனி ஞாயிறுதோறும் அவளை அங்கே கூட்டிப்போவேன். அவள் பேசி முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

கோபம் இன்னும் முழுசாகத் தீராத,
உன் மச்சான், கலாவின் அண்ணன்
பாஸ்கர்