சரளைக் கரையில் ஒரு பூஜ்யம்

மார்ச் 15, சனி

காலையில் முதல் வேலையாக அடுப்புக் கம்பியில் தொங்கிய கெத்தினின் காலுறைகளை ஓரமாகத் தள்ளி என் கையுறைகளுக்கு இடம் பண்ணினேன். நனைந்த கம்பளி நாற்றம். வீடு முழுக்க அதுதான்.

முன்னறையில் என் தங்கை மெரரிட்டும் அவள் புருஷன் கெத்தினும் தூங்குகிறார்கள். டிசம்பர் புயலில் கடல் கரைச்சுவரை உடைத்துக்கொண்டு வந்து அவர்கள் வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்கு நின்றது. "ரெண்டே வாரம்தான், லோவ்ரி" என்றாள் அன்று. இது பதினான்காவது வாரம். அவள் மேல் கோபமில்லை. கழிப்பறைக்கு வரிசையில் நிற்பதுதான் அலுக்கிறது.

படகுக் கொட்டகையிலிருந்து ஓடை முகம் வரை நடந்தேன். பறவை எண்ணுவதற்காகப் பதினேழு வருஷமாக என் பொறுப்பில் இருக்கும் துண்டுக் கரை. வேலிக் கட்டை மேல் இந்த வருஷத்தின் முதல் வெள்ளைப்பிட்டிக் குருவி. பறக்கும்போதுதான் பெயருக்குக் காரணம் தெரியும். பாலைவனத்தையும் இரண்டு கடல்களையும் கடந்து வந்திருக்கிறது, வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. களைப்பே தெரியவில்லை. அந்த ரகசியத்தை யாராவது எனக்கும் சொல்லலாம்.

மார்ச் 22, சனி

மணல் தகைவிலான் 4. மழை. கெத்தினின் குறட்டை.

மார்ச் 26, புதன்

நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு இட்வல் வந்திருந்தார். புத்தகம் எடுக்க அல்ல. இந்தக் கரையோரத்தில் பறவை எண்ணுகிற எங்கள் பதினோரு பேரின் தாள்களையும் வாங்கிச் சேர்த்து மேலே அனுப்புபவர் அவர்தான். எழுபத்திரண்டு வயதில் சைக்கிளில் வருகிறார்.

"கரைச்சுவர் வேலைக்கு உத்தரவு வந்துடுச்சு. சரளை மேல பாறை கொட்டி உயர்த்தப் போறாங்க."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மெரரிட்டுக்காகவா, காலியாகப் போகிற என் முன்னறைக்காகவா?

"இரு, முழுசாக் கேளு. கூடு கட்டுற காலம் ஆரம்பிக்குது. சரளையில உப்புக்கொத்திப் பறவை இருந்தா ஒரு கல்லை நகர்த்தக்கூடாது, சட்டம். ஏப்ரல்ல மூணு சனிக்கிழமை உன் தாளைப் பார்ப்பாங்க. மூணும் பூஜ்யம்னா இருபத்தெட்டாம் தேதி லாரி வரும். ஒண்ணு தவறினாலும் அவங்க வேற ஊர் வேலைக்குப் போயிடுவாங்க. அப்புறம் செப்டம்பர் கடைசிக்குத்தான்."

"என் தாளையா?"

"பின்ன யார் தாளை? அந்தக் கரையில குனிஞ்சு நடக்கிற பைத்தியம் நீ ஒருத்திதானே."

கதவருகே போனவர் திரும்பினார். "ஞாபகம் இருக்கில்ல? போகலேன்னா கோடு. போய்ப் பார்த்து ஒண்ணும் இல்லேன்னாதான் பூஜ்யம்."

"இதை வருஷா வருஷம் சொல்றீங்க."

"வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் தப்பாப் போடுறாங்களே."

ஏப்ரல் 5, சனி

கீழ்க்காற்று. பெரிய ஆலா 6, வளைகுடாவில் விழுந்து விழுந்து மீன் பிடித்தன. சரளையில் உப்புக்கொத்தி: 0. இரண்டு முறை நடந்து பார்த்தேன்.

ஏப்ரல் 9, புதன்

வால் பிளந்த தகைவிலான், இந்த வருஷத்தின் முதல். தபால் நிலையக் கம்பியில், ஒன்றே ஒன்று.

மாலையில் மெரரிட் வீட்டுச் சுவரைச் சுரண்டப் போனோம். எவ்வளவு சுரண்டினாலும் பூஞ்சணம் அடுத்த வாரம் திரும்ப வந்துவிடுகிறது. படிக்கட்டின் மூன்றாவது படியில் கடல் வந்து நின்ற கோடு தெரிகிறது. மெரரிட் அதைத் துடைக்க விடுவதில்லை. "சுவரு கட்டி முடிச்சப்புறம் நானே துடைப்பேன்" என்றாள்.

ஏப்ரல் 12, சனி

உப்புக்கொத்தி 0. சத்தியமாக 0. இதைப் படிக்கப்போகிறவள் நான் மட்டும்தான். பிறகு எதற்குச் சத்தியம் செய்கிறேன்? ஒவ்வொரு கல்லாகப் பார்க்கும்போது மனசுக்குள் 'இருக்கக்கூடாது, இருக்கக்கூடாது' என்று ஓடிக்கொண்டிருந்தது. பதினேழு வருஷத்தில் ஒரு பறவையை வராதே என்று வேண்டியது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 19, சனி

நாளை ஈஸ்டர். ஆறு மணிக்கே காரை எடுத்துப் போனேன். கொட்டகைப் பக்கம் நிறுத்தியபோது மழை பிடித்துக்கொண்டது. கொஞ்சம் விடட்டும் என்று இருக்கையைச் சாய்த்தேன்.

கண் விழித்தபோது எட்டே முக்கால். கண்ணாடி முழுக்க என் மூச்சு ஆவி. மழை எப்போதோ நின்றிருந்தது. ஒன்பதரைக்கு நூலகத்தைத் திறக்க வேண்டும். அந்த இரண்டரை மணி நேரம் தூங்கினேனே, டிசம்பருக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம் இல்லை. யாரும் இருமவில்லை, யாரும் கதவைத் தட்டவில்லை.

தாளை மடியில் வைத்துப் பார்த்தேன். கோடு போட்டால் செப்டம்பர்.

0 என்று எழுதினேன். போன இரண்டு வாரமும் இல்லை, இன்று மட்டும் எங்கிருந்து வந்துவிடப் போகிறது?

போகவில்லை என்றும் சொல்ல முடியாதே. போனேன். பார்க்கத்தான் இல்லை.

ஏப்ரல் 21, திங்கள்

இட்வல் போன் செய்தார். மூன்று பூஜ்யமும் ஏற்றுக்கொண்டாயிற்று. 28ஆம் தேதி காலை ஏழரைக்கு லாரி. மெரரிட் பாத்திரம் துடைக்கும் துணியைத் தலையைச் சுற்றி வீசி ஆடினாள். கெத்தின் ஆடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 24, வியாழன்

சும்மா நடக்கத்தான் போனேன். தொலைநோக்கிகூட எடுக்கவில்லை.

காலடியிலிருந்து ஒரு உப்புக்கொத்தி கிளம்பி ஓடியது. கழுத்தில் கறுப்புப் பட்டை, ஆரஞ்சுக் கால். பத்தடி தள்ளி விழுந்து ஒரு சிறகை ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு கத்தியது. என்னைப் பிடி, என் பின்னால் வா என்கிற நாடகம். எனக்குத் தெரியாத நாடகமா? அது இழுத்த திசைக்கு எதிர்த்திசையில் பார்த்தேன்.

நான்கு முட்டைகள். கூர்முனை உள்ளே சேர, கல்லோடு கல்லாக. பாறை கொட்டுவதற்குக் குச்சி நட்டு அடையாளம் வைத்திருக்கும் இடத்துக்கு நட்டநடுவில்.

பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். ஒரு முட்டைக்கும் அடுத்ததற்கும் ஒன்றிரண்டு நாள். சனிக்கிழமையே முதல் முட்டை இருந்திருக்கும். பறவை இரண்டும் கட்டாயம் அங்கே ஓடிக்கொண்டிருந்திருக்கும். நான் முந்நூறடி தள்ளி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. மீன் வறுத்தேன். நல்லா இருக்கு என்றார்கள்.

ஏப்ரல் 25, வெள்ளி

கெத்தின் பின்வாசலில் நண்டுக் கூண்டு முடைந்துகொண்டிருந்தான். துணி உலர்த்தப் போனவளைக் கூப்பிட்டான்.

"பறவையம்மா, ஒண்ணு சொல்லணும். சிரிக்கக்கூடாது."

"நீ சொல்றதுக்கு நான் எப்ப சிரிச்சேன்?"

"ஈஸ்டருக்கு முந்தின நாள் மத்தியானம் படகை இழுக்கப் போனேன். அந்தக் கறுப்புப் பட்டைக்காரங்க ரெண்டு பேரும் காலுக்கு முன்னாடியே ஓடுறாங்க. முடிஞ்சது கதைன்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா இட்வல் கிழவன் மூணும் பூஜ்யம்ங்கறான்."

ஒரு சட்டையை மூன்று முறை உதறினேன்.

"நீயாவது பார்க்காம விடறதாவது? ஈ பறந்தாலும் ஆணா பொண்ணான்னு எழுதி வைக்கிறவ. எங்களுக்காகப் பண்ணியிருக்கே."

"கெத்தின், நான் அன்னிக்கு—"

"வேணாம். ஒண்ணும் சொல்லாதே. மெரரிட்கிட்ட மட்டும் சொன்னேன், வேற யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்." குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது அவனுக்கு. கூண்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

மாலைத் தேநீருக்கு மெரரிட் பாரா ப்ரித் சுட்டிருந்தாள். எங்கள் ரொட்டி அடுப்பு சரியில்லாததால் நாலு மாதமாகச் சுடாத உலர்பழ ரொட்டி. பக்கத்து வீட்டில் கேட்டு அவர்கள் அடுப்பில் சுட்டிருக்கிறாள். ஓரத்துண்டை வெட்டி, வெண்ணெயை அழுத்தித் தடவி, என் தட்டில் வைத்தாள். சின்ன வயதில் அந்த ஓரத்துண்டுக்காக என் கையைக் கடித்தவள். என் தோளை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள்.

தின்னேன். நான் தூங்கினதுக்கு நன்றி சொல்றாங்க இவங்க! இவங்களுக்காகப் பொய் சொல்லியிருந்தாலாவது இந்த ரொட்டிக்கு எனக்குத் தகுதி இருந்திருக்கும்.

ஏப்ரல் 26, சனி

வளைமூக்குப் பறவைகள் முப்பதுக்கு மேல் வடக்கே போயின, ஒவ்வொன்றும் ஏழு ஏழு விசிலாக அடித்துக்கொண்டு. ஒன்றும் இறங்கவில்லை.

கூடு பத்திரம். ஆண் உட்கார்ந்திருந்தது, பெண் அலை ஓரத்தில் மேய்ந்தது. பிறகு மாற்றிக்கொண்டன. சண்டையில்லாமல் முறை மாற்றிக்கொள்கிறார்கள், நாங்கள் கழிப்பறைக்குச் செய்வதைவிட நன்றாக.

தாளில் எல்லாம் எழுதிவிட்டேன். உப்புக்கொத்திக் கட்டம் மட்டும் காலி.

ஏப்ரல் 27, ஞாயிறு

பேசாமல் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? நான்கு முட்டை. போனால் அந்த ஜோடி வேறு கரையில் மறுபடி இடும், அதற்கு அது பழக்கம்தான். மெரரிட்டுக்கு வீடு. எனக்கு என் வீடு. இட்வலுக்குக்கூட மனக்கஷ்டம் இல்லை. தராசின் ஒரு தட்டில் இத்தனை இருக்கிறது. மற்றத் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் என் கையெழுத்தில் ஒரு வட்டம்.

பழைய தாள்களை எடுத்துப் புரட்டினேன். வெறும் கரை, வெறும் கரை, பனி, வெறும் கரை. பறவை பார்த்த நாட்களைவிட அந்தப் பூஜ்யங்கள்தான் என் உழைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு நடை. அவற்றோடு இந்த ஒன்றையும் சேர்த்து வைத்தேன். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

நாளை ஆறு மணிக்கு இட்வலைக் கூப்பிடுவேன். பத்தொன்பதாம் தேதியை அடித்துவிட்டுக் கோடு போடச் சொல்வேன், முட்டையையும் சொல்வேன். லாரி வரும்போது கூட்டருகே நின்றுகொண்டிருப்பேன். அதற்கு முன்னால் ஐந்தரைக்கே மெரரிட்டை எழுப்பிச் சொல்ல வேண்டும். பறவையைப் பற்றிச் சொல்வது சுலபம். தியாகம் இல்லடி, தூங்கிட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். பல முறை சொல்லிப் பார்த்தேன், இன்னும் வாயில் வரவில்லை.

மத்தியானம் மாடியில் என் படுக்கையறை அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தேன். சத்தம் கேட்டு மெரரிட் வந்தாள்.

"என்னடி இது, ஈஸ்டர் முடிஞ்சப்புறம் ஈஸ்டர் சுத்தமா?"

"ஆமா."

கட்டிலில் உட்கார்ந்து என் சட்டைகளை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். "இந்த ஜன்னல்ல கடல் எவ்வளவு தூரமாத் தெரியுது" என்றாள். "இங்க படுத்தா பயமே வராது."

"வராது" என்றேன்.

என் இழுப்பறைகள் எல்லாவற்றையும் முன்னறைக்குக் கொண்டுபோய்விட்டேன். கம்பளிப் போர்வைகள் மூன்றையும் மட்டும் மேலேயே விட்டிருக்கிறேன். குளிர்காலத்தில் அந்த அறை சில்லிட்டுவிடும், அவர்கள் இரண்டு பேருக்கும் வேண்டியிருக்கும்.